கல்லாய்ப் போகிற பயம்

எனக்கு வாய் நீளம். இதை நான் சொல்லவில்லை. உம்மா சொல்வா, பள்ளிக்கூட அதிபர் சொல்வார், என்னைக் கட்டின மனிசனும் சொல்வார். இங்கிலீஷ் டீச்சருக்கு வாய் நீளாமல் வேறு என்ன நீள வேண்டும் என்று நானும் திருப்பிக் கேட்பேன். அப்படிப்பட்ட என்னையே ஒரு நாள் வகுப்பில் ஒரு கேள்வி மடக்கிப் போட்டது.

பதினோராம் வகுப்பு. பயத்தைச் சொல்லும் வினைச்சொற்கள் பாடம். டெரிஃபை, ஹொரிஃபை, பெட்ரிஃபை என்று ஒன்றன் கீழ் ஒன்றாகக் கரும்பலகையில் எழுதி, மூன்றுக்கும் நேரே 'மிகவும் பயமுறுத்துதல்' என்று போட்டுவிட்டுத் திரும்பினேன். வருடாவருடம் இப்படித்தான் போடுகிறேன். எனக்குப் படிப்பித்த டீச்சரும் இப்படித்தான் போட்டா. முன்வரிசையில் இருந்த ஒரு புள்ள எழும்பி, "மூணும் ஒண்டுதானெண்டா, வெள்ளக்காரன் என்னத்துக்கு டீச்சர் மூணு வெச்சிரிக்கான்?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. "அவனுக்கு மூணு விதமாப் பயம் வந்திருக்கும். நீ ஒண்டப் பாடமாக்கு, போதும்" என்று சமாளித்தேன். ஆனால் கேள்வி உள்ளே குத்திக்கொண்டே இருந்தது. அவள் கேட்டதில் பிழை ஒன்றும் இல்லையே.

வீட்டுக்கு வந்து, உலையைக்கூட வைக்காமல், அலுமாரிக்கு மேலே கிடந்த தடித்த அகராதியை இறக்கினேன். பயிற்சிக் கல்லூரியில் படிக்கும்போது வாங்கியது. சொல்லுக்குப் பொருள் மட்டுமில்லை, அந்தச் சொல் எங்கே பிறந்தது, யார் வீட்டில் வளர்ந்தது என்பதையும் கீழே பொடி எழுத்தில் போட்டிருக்கும். இத்தனை வருடமாக அந்தப் பொடி எழுத்துப் பக்கம் நான் போனதே இல்லை. சோதனைக்கு வராததை எந்த டீச்சர் வாசிப்பா?

டெரிஃபை என்ற சொல்லின் வேரைத் தோண்டிக்கொண்டே போனால் நடுக்கத்தில் போய் முட்டுகிறது. சரி, அது எங்களிடமும் தாராளமாக இருக்கிறது. குலை நடுங்கிப்போச்சு, கை கால் உதறிப்போச்சு என்று எதற்கெடுத்தாலும் சொல்கிறோம். ஹொரிஃபை என்றால் மயிர் குத்திட்டு நிற்பது. அதுவும் எங்களுக்குப் புதிசில்லை, மயிர்க்கூச்சு என்று அழகான சொல்லே இருக்கிறது. மூன்றாவதுதான் பெட்ரிஃபை. கிரேக்கர்கள் பாறைக்கு 'பெட்ரா' என்றார்களாம். அதை லத்தீன்காரன் எடுத்து, ஆக்குதல் என்ற சொல்லோடு ஒட்டி, பிரெஞ்சுக்காரன் கையில் கொடுத்து, கடைசியில் இங்கிலீஷில் வந்து குந்தியிருக்கிறது. பெட்ரிஃபை என்றால் கல்லாக்குவது. முதலில் உண்மையாகவே கல்லாகிப்போன சாமான்களைத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள், மண்ணுக்குள் காலங்காலமாகக் கிடந்து இறுகிப்போன மரத்தை, எலும்பை. பிறகுதான் பயத்தில் அசைய ஏலாமல் நின்றுவிட்ட மனிசனுக்கும் அந்தச் சொல்லைக் கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் மீன்பிடிப் போட்டுக்கு ஊற்றுகிற பெற்றோலுக்கும் இதே கல்தான் தாய்வீடு. பாறைக்குள் இருந்து வருகிற எண்ணெய் என்று அர்த்தமாம்.

பயந்தவன் ஓடுவான், கத்துவான், நடுங்குவான். இதெல்லாம் எனக்குத் தெரியும். பயந்தவன் கல்லாய் நிற்பான் என்று அன்றைக்குத்தான் படித்தேன். கதைப் புத்தகங்களில் சிலையாய் நின்றான் என்று வரும்தான், ஆனால் எங்கட தெருவில் அப்படி யாரும் கதைப்பதில்லை. எங்கட தெருவில் கல் என்றால் ஏச்சு. அன்பில்லாதவன் கல்நெஞ்சுக்காரன். கேட்டதற்குப் பதில் சொல்லாதவன் கல்லுளிமங்கன். கல்லுக்குப் பயம் என்று ஒன்று இருக்கலாம் என்பது எங்கள் யாருடைய புத்தியிலும் படவில்லை. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் அப்படியே இருந்தேன். கண்டக்குழிக் கடற்கரையும், மச்சானின் கையில் தொங்கிக்கொண்டிருந்த வாளியும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன.

மச்சான் என்றது என் ராத்தாவின், அதாவது அக்காவின் புருஷனை. புருஷனாக இருந்தவரை. எங்கட குடும்பத்தில் எல்லாருமாகச் சேர்ந்து கல் என்று பெயர் வைத்து அனுப்பிவிட்ட மனிசன்.

நாங்கள் மன்னாரில் இருந்து வந்த சனம். தொண்ணூறில், முஸ்லிம்களை ஊரை விட்டுப் போகச் சொன்னபோது, கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வள்ளத்தில் ஏறி, கற்பிட்டியில் இறங்கினோம். நான் அப்போது சின்னவள். உம்மாவின் மடியும் குடல் புரளச் சத்தி எடுத்ததும்தான் எனக்கு ஞாபகம். மச்சான் வீட்டாரும் அப்படி வந்து இறங்கியவர்கள்தான். அவர் அப்போது விவரம் தெரிந்த பையன். அந்தக் கடல் பயணத்தைப் பற்றி எல்லாரும் கதைப்பார்கள், அவர் மட்டும் கதைக்க மாட்டார். பக்கத்துப் பக்கத்துக் கொட்டிலில் வளர்ந்து, பக்கத்து வளவில் வீடு கட்டி, கடைசியில் ராத்தாவைக் கேட்டு ஆள் அனுப்பினார்.

ராத்தாவின் நிக்காஹ் நாள் எனக்கு நேற்றுப் போல் இருக்கிறது. பெண்ணுக்குச் சம்மதமா என்று கேட்க வாப்பாவும் சாட்சிகளும் அறைக்குள் வந்தார்கள். பள்ளிவாசல் மரைக்கார்தான் கேட்டார். பள்ளி நிர்வாகத்தில் இருக்கிற பெரியவரை நாங்கள் மரைக்கார் என்போம். குமர்ப்பிள்ளை வெட்கத்தில் வாய் திறக்க மாட்டாள், அவள் பேசாமல் இருந்தால் அதையே ஓம் என்று எடுத்துக்கொள்வது எங்கட வழக்கம். ராத்தா குனிந்த தலை நிமிரவில்லை. மரைக்கார் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, புள்ளக்குச் சம்மதம்" என்று சிரித்துக்கொண்டு வெளியே போனார். அவர் முதுகு திரும்பியதும் ராத்தா முக்காட்டுக்குள்ளிருந்து என்னைப் பார்த்துக் கண்ணடித்தா. அப்படி மனம் நிறைந்த சம்மதத்தை நான் வேறு எந்தக் கலியாண வீட்டிலும் காணவில்லை.

உம்மாவுக்குத்தான் மருமகனைப் பிடிக்காது. "வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையா வெச்சிரிக்கார்?" என்று கேட்பா. மச்சான் அப்படித்தான், ஒரு நாளைக்கு நாலு சொல் கதைத்தால் பெரிய காரியம். ராத்தாவுக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. "ரெண்டு பேரும் கதச்சா ஆர் புள்ள கேக்கிற?" என்பா. அவர் கடலில் இருந்து வந்தால் முதலில் மகனைத் தூக்கித் தோளில் போடுவார், பிறகு நல்ல மீனாகப் பார்த்து ராத்தாவிடம் கொடுப்பார். அதுதான் அவருடைய கதை.

போர் முடிந்து கடல் திறந்துவிட்டபோது கண்டக்குழிப் பக்கம் லொட்ஜுகள் முளைத்தன. டொல்பின் பார்க்க வெள்ளைக்காரர் வந்தார்கள். மச்சான் விடியக்காலையில் அவர்களைப் போட்டில் கூட்டிக்கொண்டு போவார். அப்போதுதான் அவர் வாயில் சொல் வரத் தொடங்கியது, அதுவும் இங்கிலீஷ். போட்டில் அவர்கள் கதைப்பதில் ஏதாவது ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வந்து என்னிடம் பொருள் கேட்பார். ஒரு நாள் ஒரு கிழவி, போட் அலையில் தூக்கிப் போட்டதில் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாவாம், கரைக்கு வந்து சிரித்துச் சிரித்து ஒரு சொல்லைச் சொன்னாவாம். "பெட்ரிஃபைட் எண்டா என்ன மதினி?" என்று கேட்டார். நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். "நல்லாப் பயந்திட்டாவாம் மச்சான்" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

இவ்வளவுதான் நடந்தது. ஆனால் அகராதியை மடியில் வைத்திருந்த அன்று இதை நினைத்து நினைத்து எனக்கு நெஞ்சு வெந்தது. மனிசன் வாசலில் வந்து நின்று அந்தச் சொல்லையே கேட்டிருக்கிறார். அதன் வயிற்றுக்குள் ஒரு கல் இருக்கிறது என்று எனக்கே தெரிந்திருக்கவில்லை. தெரிந்து சொல்லியிருந்தால், பிறகு அவரைக் கூட்டி வைத்துக் கேள்வி கேட்ட நாளில் சொல்வதற்கு அவர் கையில் ஒரு சொல்லாவது இருந்திருக்கும்.

அது தென்மேற்கில் இருந்து வீசுகிற சோளகக் காற்று தொடங்கியிருந்த நேரம். டொல்பின் காலம் முடிந்து, மச்சான் மீனுக்கு மட்டும் போய்வந்துகொண்டிருந்தார். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு நானும் ராத்தாவும் கறிக்கு மீன் எடுக்கக் கரைக்குப் போனோம். ராத்தாவின் மகன் எங்களுக்கு முன்னால் ஓடிப்போய்ப் பெடியன்களோடு சேர்ந்துவிட்டான். மீன் பெட்டியின் பாரமில்லாத வெள்ளை ரெஜிபோம் மூடியை நெஞ்சுக்குக் கீழே வைத்துக்கொண்டு கரையோரத் தண்ணீரில் மிதப்பது அப்போது அவர்களுக்குப் பெரிய விளையாட்டு. மற்றப் பெடியன்கள் கரையேறிவிட்டார்கள். இவனை மட்டும் வெளியே இழுக்கிற நீரோட்டம் பிடித்துக்கொண்டது. நாங்கள் பார்க்கும்போது மூடி தனியாக மிதக்கிறது, அவன் தலை தனியாகத் தெரிகிறது.

தண்ணீருக்கு மிகவும் பக்கத்தில் நின்றது மச்சான்தான். போட்டில் இருந்து இறங்கி, மீன் நிறைந்த வாளியோடு கரைக்கு ஏறி வந்துகொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். பார்த்தபடி நின்றார். அவர் பாய்வார், பாய்வார் என்றுதான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கரையில் அவரை மாதிரி நீந்துகிறவர்கள் ஒன்றிரண்டு பேர்தான். அவர் நின்றார். ராத்தா அவரைத் தாண்டி ஓடினா. நீந்தத் தெரியாத மனிசி, சாரியோடு, செருப்போடு, தண்ணீருக்குள் ஓடினா. ஒரு அலை வந்து அவவையும் மூடியது. நான் கத்தினேன். மச்சானைத்தான் பெயர் சொல்லாத குறையாகக் கத்தினேன். அவர் கண் கடலில் இருந்து அசையவில்லை.

கொஞ்சம் தள்ளிக் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் கயிற்றைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். உடப்பு ஊரில் இருந்து வலைக்கு வந்திருந்த ஒருவர்தான் முதலில் பாய்ந்தார். பிள்ளையை அவரும், ராத்தாவை மற்ற இரண்டு பேரும் இழுத்து வந்து போட்டார்கள். அவன் உப்புத் தண்ணியைக் கக்கி வீரிட்டு அழுதான். அந்த அழுகையைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. ராத்தா மணலில் குப்புறக் கிடந்து இருமினா, இருமிக்கொண்டே தலையைத் தூக்கி மச்சானைப் பார்த்தா.

அவர் அதே இடத்தில் அப்படியே நின்றார், கையில் வாளியோடு.

நான் போய் அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். "புள்ள இரிக்கான் மச்சான், வாங்க" என்றேன். காது கேட்டதாகத் தெரியவில்லை. வாளியை வாங்கப் பார்த்தேன், வரவில்லை. விரல்கள் கம்பிப் பிடியில் இறுகிக் கிடந்தன. ஒவ்வொரு விரலாக நான்தான் விரித்து எடுத்தேன். உள்ளங்கையில் கம்பி வெட்டியிருந்தது. இரத்தமும் மீன் தண்ணியும் சேர்ந்து வழிந்தது. வாளி கையை விட்டுப் போனதும்தான் அவர் முழங்கால் மடிந்து மணலில் இருந்தார்.

ஊர் வாய் எப்படி இருக்கும் என்று சொல்லவா வேண்டும். பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்வதற்குள் கதை கற்பிட்டி வரைக்கும் போய்விட்டது. பொண்டாட்டியும் புள்ளயும் தாழுறாங்க, இவன் மீன் வாளியப் பிடிச்சுக்கிட்டு நிண்டான். இதுதான் கதை. கேட்டவர்கள் கேட்ட இடத்தில் கொஞ்சம் உப்புப் புளி சேர்த்தார்கள். லொட்ஜுக்குக் கொடுக்க வைத்திருந்த விலை மீனாம், அதுதான் வாளியை விடவில்லையாம். உடப்புக்காரர் மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டு, "அந்த மனிசனையும் ஒருக்காக் கவனிச்சுக்கொள்ளுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். அதை யார் காதில் போட்டோம்.

நான் உம்மாவிடம் சொன்னேன், ஒளிக்கவில்லை. "விரல் திறக்கவே இல்ல உம்மா. ஒண்டொண்டா விரிச்செடுத்தேன். கையெல்லாம் வெட்டியிரிக்கு." உம்மா என்ன சொன்னா தெரியுமா? "பாத்தியா, மீனுல அவ்வளவு பிடிப்பு. புள்ளயில இல்ல." அதற்குப் பிறகு அதுவும் கதையோடு சேர்ந்துகொண்டது. மச்சானுக்காகச் சொல்லப்பட்ட ஒரே சாட்சி அவருக்கே எதிராகப் போனது.

ராத்தா காய்ச்சலில் கிடந்தா. உம்மா தன் வீட்டுக்குக் கூட்டிவந்து வைத்துக்கொண்டா. மச்சான் ஒவ்வொரு பின்னேரமும் வந்து வேலிக்கு வெளியே நிற்பார். மகன் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொள்வான். ஒன்றும் கேட்காமல், ஒன்றும் சொல்லாமல் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டு நிற்பார். உம்மா வெளியே வந்தால் போய்விடுவார். ராத்தா ஒரு தடவைதான் அதைப் பற்றி என்னிடம் வாய் திறந்தா. "நான் தாழும்போது என்னப் பாத்துக்கிட்டுத்தான் நிண்டார் புள்ள. கண்ணுக்குக் கண் பாத்தன்."  

வாப்பா மவுத்தாகி அப்போது கொஞ்சக் காலம். வீட்டில் உம்மா சொன்னதுதான் சட்டம். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு மரைக்காரையும் இன்னும் இரண்டு பெரியவர்களையும் வீட்டுக்குக் கூப்பிட்டா. ஆம்பிளைகள் முன் ஹோலில் கதிரையில். மச்சானும் அங்கேதான். நாங்கள் பெண்டுகள் திரைக்கு இந்தப் பக்கம் பாயில். ராத்தா என் பக்கத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தா.

மரைக்கார் தங்கமான மனிசன், பிரித்து வைக்க வந்தவர் இல்லை. "ஏன் தம்பி நிண்டீங்க?" என்று தன்மையாகத்தான் கேட்டார்.  "கடல் தெரியாத ஆளா நீங்க? என்ன நடந்த எண்டு சொல்லுங்க, நாங்களும் மனிசர்தானே" என்று மறுபடியும் கேட்டார். திரை ஓரத்தால் நான் எட்டிப் பார்த்தேன். மச்சானின் வாய் ஒரு தடவை திறந்து மூடியது. காயம் ஆறாத கையை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு சீமெந்துத் தரையைப் பார்த்தார். "கல்லு" என்று உம்மா என் காதுக்குள் சொன்னா. மரைக்கார் கடைசியாக ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். "தம்பி, நீங்க ஒண்டும் சொல்லாட்டி, பொண்ணுட உம்மா சொல்றதுதான் சரியெண்டு எடுக்க வேண்டி வரும்." மச்சான் தரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பிறகு அவர் திரைப் பக்கம் திரும்பி, "மகள், பிரிஞ்சு போறதுக்கு உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டார். அதே குரல்தான், நிக்காஹ் அன்று கேட்ட அதே குரல். ராத்தா தலையைக் குனிந்துகொண்டு இருந்தா. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உம்மா, "அவ என்னத்தச் சொல்லுவா. சம்மதந்தான்" என்றா. "சரி" என்றார் மரைக்கார், இந்தத் தடவை சிரிக்காமல். உம்மா என் முதுகில் தட்டி, வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊத்தச் சொன்னா. நான் கையை எடுத்துக்கொண்டு எழும்பினேன். அந்த அவசரத்தில் என் கண்ணாடிக் காப்பு ஒன்று உடைந்தது.

அதற்குப் பிறகு, விவாகரத்தைப் பதிந்து கொடுக்கிற காதியாரிடம் போனதெல்லாம், முடிந்த கதைக்கு முற்றுப்புள்ளி வைக்கத்தான். மச்சான் போட்டை விற்றுவிட்டு மன்னாருக்குத் திரும்பிப் போனார். அப்போது நிறையப் பேர் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். பிரிந்த பெண் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தாவில் ராத்தா இருந்த காலம் முழுக்கப் பாயை வாசல் பக்கமாகவே இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தா. காற்றுக்காக என்று நினைத்தோம்.

மகன் லீவுக்கு லீவு வாப்பாவிடம் போய்வந்தான். வாப்பா ஆட்டோ ஓடுகிறார், கடல் பக்கமே போவதில்லை என்று வந்து சொன்னான். "குற்றமுள்ள நெஞ்சு" என்று உம்மா முடித்துவிட்டா. ராத்தாவுக்கு இரண்டு மூன்று இடத்தில் பேசி வந்தார்கள். வேண்டாம் என்றுவிட்டா. போன வருடம் மச்சான் அங்கே ஒரு விதவையைக் கட்டிக்கொண்டார். அந்தக் கலியாணத்துத் தொதல் இனிப்பை மகன் ஒரு பெட்டியில் கொண்டுவந்தான். ராத்தா அதைத் துண்டு போட்டு அண்டை வீடுகளுக்கெல்லாம் முறையாகக் கொடுத்தா. எனக்கும் ஒரு துண்டு வந்தது.

இதெல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் எனக்கு இந்தப் பொடி எழுத்து. இனிச் சொல்லி என்ன, யாருக்கு என்ன வரப்போகிறது என்று வேறு யாராவது என்றால் அகராதியை மூடி வைத்திருப்பார்கள். எனக்கு ஏலாது. கலியாணத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாவிட்டாலும், தன்னிடம் அன்பில்லாமல் அவர் நிற்கவில்லை என்பதையாவது ராத்தா தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன். இத்தனை வருடம் அவவை அரித்துக்கொண்டிருந்தது அதுதானே. முக்காட்டைப் போட்டுக்கொண்டு, அகராதியையும் தூக்கிக்கொண்டு அவ வீட்டுக்குப் போனேன்.

ராத்தா பின் விறாந்தையில் இருந்து முதலாளி வீட்டு வெங்காயத்துக்குக் கூலிக்கு வால் வெட்டிக்கொண்டிருந்தா. "என்ன, பள்ளிக்கூடத்தயே தூக்கிக்கிட்டு வார?" என்றா. நான் முன்னால் குந்தினேன். வகுப்பில் அந்தப் புள்ள கேட்டதில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். நடுக்கம், மயிர்க்கூச்சு, கல். 

"அவர் வேணுமெண்டு நிக்கல்ல ராத்தா. பயத்துல உடம்பு அப்படி இறுகிப் போகுமாம். கண் பாக்கும், காது கேக்கும், கால் வராது, வாய் வராது. அதுக்கு அவங்கட பாஷையில ஒரு சொல்லே இரிக்கு. வாளிய அவர் பிடிச்சுக்கிட்டு நிக்கல்ல, விட ஏலாம நிண்டிருக்கார். வீட்டுக்கு வந்து கேட்டபோதும் அதுதான். நாங்க அத மனசில்ல எண்டு எடுத்திட்டோம்."

ராத்தா வெட்டிக்கொண்டிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தா. அழுவா என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. அந்தப் பக்கத்தைக் காட்டச் சொன்னா. இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது, ஆனாலும் அந்தச் சொல்லின் மேலே ஈர விரலை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தா. நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன், எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும்.

"இந்தச் சொல்லு ஆம்புளைக்கு மட்டுந்தானா?" என்று கேட்டா.

"இல்ல ராத்தா. ஆருக்கும்தான்."

"அண்டைக்குத் திரைக்கு இந்தப் பக்கம் என்னயும்தான் கேட்டாங்க" என்றா. குரலில் கோபம் இல்லை. அன்றாடக் கதை சொல்வது போலத்தான் சொன்னா. "சம்மதமில்ல, எனக்கு அவர் வேணும் எண்டு சொல்லத்தான் இருந்தன். நாக்கு மேலண்ணத்தோட ஒட்டிப்போச்சு. நிக்காஹ் அண்டைக்கும் பேசாமத்தான் இருந்தன், ஓமெண்டு எடுத்தாங்க. அது ஓம்தான். அந்தப் பழக்கத்துல இதயும் ஓமெண்டு எடுத்திட்டாங்க." அகராதியை மூடி என் மடியில் வைத்தா. "அவர் வாய் வராம அங்கால இருந்தார். நான் வாய் வராம இங்கால இருந்தன். நீயாவது சொல்லுவ எண்டுதான் உன்ட கையப் பிடிச்சுக்கிட்டு இருந்தன்."

அவ திரும்பவும் வெங்காயத்தை எடுத்து வெட்டத் தொடங்கினா. நான் என் கையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். உம்மா என் முதுகில் தட்டி, போய்த் தேத்தண்ணி ஊத்து என்று சொன்னபோது ராத்தாவின் கை என் கையை விடவில்லை. காப்பு உடைகிற அளவுக்கு இறுகியிருந்தது. கோபத்தில் பிடித்திருக்கிறா என்று நினைத்து, ஒவ்வொரு விரலாக நான்தான் விரித்து எடுத்தேன்.